ரயில் நின்றபோது கடன் கொடுத்த கடைகள்

2020 மார்ச் 22 நள்ளிரவோடு இந்திய ரயில்வே பயணிகள் ரயில்கள் அனைத்தையும் நிறுத்தியது. அதன் வரலாற்றில் அப்படியொரு நிறுத்தம் அதற்கு முன் நடந்ததில்லை. மற்ற ஊர்களில் அதைப் பயணத்துக்கு வந்த தடையாகத்தான் பார்த்தார்கள். ஜோலார்பேட்டையில் அடி நேராக அன்றாட வருமானத்தில் விழுந்தது. சென்னையிலிருந்து வரும் தடம் இங்கேதான் பெங்களூருக்கும் சேலத்துக்கும் பிரிகிறது. 1864இல் பெங்களூர்க் கிளை வந்ததிலிருந்து ரயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. விடியுமுன் ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்புகிறவர்களுக்காகத் திறக்கும் டீக்கடை, இரவு வண்டியில் இறங்குகிறவர்களை நம்பி நிற்கும் ஆட்டோ, பெட்டிக்குப் பெட்டி ஏறி வடையும் சுண்டலும் கொய்யாவும் விற்பவர்கள், அவர்களுக்குக் காகிதமும் எண்ணெயும் கடலையும் கொடுக்கும் மளிகைக் கடை என்று வரிசை நீளும். ரயில் நின்றதும் இந்த வரிசை முழுக்க ஒரே இரவில் நின்றது.

முந்தைய கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது இந்த ஊர்தான் கொடுத்தது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் வில்லிவாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டு மாதம் கழித்து ஊரே நெருக்கடியில் மாட்டியபோது இங்கிருந்த சிறு கடைகளுக்கு யார் கைகொடுத்தார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வி. பெருந்தொற்றுக் காலத்தில் “உள்ளூர்க் கடைகளை ஆதரியுங்கள்” என்ற வேண்டுகோள் உலகம் முழுக்க ஒலித்தது. மக்கள் கடையைத் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வட்டாரத்தின் பொது முடக்கத்தை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் எதிர்த்திசைதான் தெரிகிறது. கடைகள்தான் மக்களைத் தாங்கின. அரசின் நிவாரணத் திட்டம் எதிலும் அந்தத் தாங்கல் கணக்கில் வரவில்லை.

அந்தத் தாங்கல் எழுதப்பட்டிருப்பது மளிகைக் கடையின் கணக்கு நோட்டில். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில், ஓரம் எண்ணெய்க் கறை படிந்து, நடுவில் பேனா செருகியபடி கிடக்கும் நீள நோட்டு அது. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் முழுப்பெயர் இருக்காது; “லோகோ வீடு”, “டெய்லர் அக்கா”, “கம்பெனி பொண்ணு அம்மா” என்றிருக்கும். இடது ஓரத்தில் தேதி, நடுவில் சரக்கு, வலது ஓரத்தில் தொகை. ஐம்பது கிராம் டீத்தூள், கால் லிட்டர் எண்ணெய், ஒரு சோப்பு, இரண்டு ரூபாய் ஷாம்பு. பக்கத்தின் அடியில் பாக்கி. கடன் வாங்கியவரின் கையெழுத்து எங்கும் இருக்காது, வட்டியும் கிடையாது. வட்டி இல்லாததால் இது தர்மம் என்று சொல்லிவிட முடியாது. சூப்பர் மார்க்கெட்டைவிடக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாக இருக்கும் விலையில் கடனின் செலவும் அடங்கியிருக்கிறது. ஆனாலும் ஆதார் எண்ணும் ஜாமீனும் கேட்காமல், குழந்தை வந்து “அம்மா நோட்டுல எழுதச் சொன்னாங்க” என்றவுடன் கிடைக்கும் கடனை எந்த வங்கியும் இன்றுவரை கொடுத்ததில்லை.

இந்த நோட்டுக்கு ஒரு கடிகாரம் உண்டு. அது சம்பள நாள். அப்போது நடைமுறையில் இருந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தொழிற்சாலை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும், அதற்கு மேற்பட்டோர் வேலை செய்வது 10ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்குச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பெண்களின் வீடுகள் அந்தத் தேதியை ஒட்டித்தான் பாக்கியைத் தீர்க்கும். ரயில்வேக் குடும்பங்கள் மாதக் கடைசியில் தீர்க்கும். கூலி வேலைக்காரர்கள் சனிக்கிழமை. ரயிலில் விற்பவர்கள் அன்றன்று கொஞ்சம். இப்படி வெவ்வேறு நாளில் பணம் வந்து விழுவதால்தான் கடைக்காரரால் மொத்தக் கடையில் சரக்கு எடுக்க முடிகிறது.

மார்ச் கடைசியில் இந்தக் கடிகாரங்களில் ஒன்று மட்டும் ஓடியது. சரக்கு ரயில்கள் நிற்கவில்லை. ஓட்டுநர், கார்டு, பாயின்ட்ஸ்மேன், டிராக்மேன் எல்லாரும் பணிக்குப் போனார்கள். அகவிலைப்படி உயர்வு நிறுத்திவைக்கப்பட்டதே தவிர சம்பளம் வந்தது. ரயிலில் விற்றவர்களின் வரவு முழுதாக நின்றது. ஷூ கம்பெனிகளின் கதை இரண்டுக்கும் நடுவில். ஐரோப்பாவில் கடைகள் மூடியதும் ஆர்டர்கள் தள்ளிப்போயின, ரத்தாயின. பொது முடக்கக் காலத்துக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை உத்தரவிட்டது. மே 18 முதல் அந்த உத்தரவு செல்லாமல் போனது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளிகளும் தொழிலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. பேசித் தீர்க்கும் இடத்தில் உட்காரவே வாய்ப்பில்லாதவர்கள் வீட்டில் இருந்தபடி ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்கள். ஏஜென்ட் கொண்டுவந்து கொடுக்கும் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அவர்களுக்குக் கம்பெனி அடையாள அட்டையும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை. ஏஜென்ட் வராத நாளில் வருமானமும் இல்லை.

ஆக, ஒரே தெருவில் சம்பளம் வரும் வீடும் வராத வீடும் ஒரே நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன. சம்பளம் வந்த வீட்டார் ரொக்கமாகக் கொடுத்த பணம்தான், வராத வீட்டுக்கு அரிசியாகவும் எண்ணெயாகவும் போனது. கொடுத்தவருக்கு அது தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இடையில் நின்ற கடைக்காரர் மட்டுமே அறிந்த பகிர்வு இது. ரயில்வேக் குடியிருப்பு இல்லாத ஊர்களில் இந்த அளவுக்குக்கூட நோட்டு தாங்கியிருக்காது என்பது என் கணிப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுபது வீடுகளுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் வீதம் கணக்கு வைத்திருக்கும் கடை என்று கொள்வோம். பாதி வீடுகளால் இரண்டு மாதம் பாக்கி தீர்க்க முடியவில்லை என்றால், நோட்டில் முடங்கும் தொகை 1,20,000 ரூபாய். சிறு கடைக்காரருக்கு அது கடையின் மொத்தச் சரக்குக்குச் சமமாக இருக்கலாம். அதே நேரத்தில் வழக்கமாக வாரக் கடனில் சரக்கு இறக்கும் லைன் வண்டிகள் ரொக்கம் கேட்டன. மேலே கடன் நின்றது, கீழே கடன் தொடர்ந்தது. இடையில் நசுங்கியது கடை.

இந்த இடத்தில் அரசு என்ன கொடுத்தது? தமிழ்நாடு அரசு 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர் குடும்பங்களுக்கு ஆயிரம் ரூபாய் ரொக்கமும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் ரேஷன் கடை வழியாக இலவசமாகக் கொடுத்தது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளுக்கு, தகுதி தேடி அலையவிடாமல், ஓரிரு வாரத்தில் பணம் போய்ச் சேர்ந்தது பெரிய காரியம். அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம் அதற்குக் கைகொடுத்தது. 2021இல் புதிய அரசு மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக நாலாயிரம் கொடுத்தது. என் கணக்கிலுள்ள அறுபது வீடுகளுக்கும் 2020இல் வந்த ரொக்கம் மொத்தம் 60,000. ஒரு ரூபாய்கூட வெளியே போகாமல் அத்தனையும் அந்த ஒரு கடைக்கே வந்திருந்தாலும், நோட்டில் முடங்கியதில் பாதிதான் தேறும். அந்த ஆயிரத்துக்குத்தான் மருந்து, கேஸ், செல்போன் ரீசார்ஜ், தண்டல் என்று எத்தனை கைகள் நீண்டன.

தண்டலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தள்ளுவண்டிக்காரரும் டிபன் கடைக்காரரும் முதலுக்கு நம்புவது அதைத்தான். பத்தாயிரம் என்று பேசி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பது வழக்கமான ஏற்பாடு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும்தான் அது பொருந்தும். மாலையில் சைக்கிளில் வருகிற தண்டல்காரருக்கு ரிசர்வ் வங்கி சொல்லி என்ன ஆகப்போகிறது?

மத்திய அரசு மே 13 அன்று சிறு தொழில்களுக்கென மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத்தை அறிவித்தது. ஜாமீன் தேவையில்லை என்றார்கள். ஆனால் 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையிலிருந்த கடனில் 20 விழுக்காடுதான் கிடைக்கும். ஏற்கெனவே வங்கிக் கடன் இல்லாதவருக்குக் கணக்கு எளிது: பூஜ்யத்தில் 20 விழுக்காடு பூஜ்யம். நோட்டில் லட்ச ரூபாய் முடங்கிய மளிகைக் கடை இங்கேதான் விழுகிறது. ஜூன் 1 அன்று தெரு வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க் கடன் தரும் பி.எம். ஸ்வநிதி திட்டம் வந்தது. தண்டலோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல், 7 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. ஆனால் அதுவும் கடன்தான். வாங்குவதற்கு ஆள் இல்லாத தெருவில் கூடுதல் முதல் எதற்கு? அவர்களுக்குத் தேவைப்பட்டது விற்பனை. காலம் கடந்த பின் இதைச் சொல்வது சுலபம் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த மே மாதத்திலேயே, கையில் பணம் கொடுங்கள், கடன் பிறகு பார்க்கலாம் என்று பொருளாதார அறிஞர்கள் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரயிலில் விற்பவர்களுக்கு அந்தப் பத்தாயிரமும் எட்டாத தூரம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே, ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கும் வளாகத்துக்கும் ரயில்களுக்கும் இது பொருந்தாது என்று சொல்லிவிடுகிறது. மறுபக்கம் 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 144ஆம் பிரிவில் உரிமமின்றி விற்பதைப் பிச்சையெடுப்பதோடு ஒரே மூச்சில் சேர்த்துக் குற்றமாக்கியிருந்தது. நடைமேடையில் உரிமம் பெற்ற ஸ்டால்காரருக்குக் காகிதமாவது இருக்கிறது. கூடையோடு ஏறி இறங்குகிறவரை எந்த நகராட்சிப் பட்டியலும் வியாபாரி என்று எழுதிக்கொள்ளாது. முன்பதிவில்லாப் பெட்டிகளும் பாசஞ்சர் வண்டிகளும் ஓராண்டுக்கும் மேலாக முழுமையாகத் திரும்பவில்லை என்பதால், கடைத்தெருக்கள் திறந்த பிறகும் இவர்களுக்கு மட்டும் பொது முடக்கம் முடியவில்லை. ஜோலார்பேட்டை போன்ற சந்திப்புகளின் பொருளாதாரத்தில் இவர்கள் ஓரத்தில் இருப்பவர்கள் அல்லர். ஊர் மளிகைக் கடையில் தினம் ரொக்கம் கொண்டுவந்து போடும் கைகள் இவர்களுடையவை.

ஆதரவின்மை ஒருபுறம் இருக்க, அதிகாரம் சிறு வியாபாரியை எப்படிப் பார்த்தது என்பதும் 2020 மே மாதத்தில் இந்த வட்டாரத்திலேயே வெளிப்பட்டது. கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவியதால் எங்கும் காய்கறி, பழக் கடைகள் மேல் கண் விழுந்திருந்த நேரம். பக்கத்து ஊரான வாணியம்பாடியில் நகராட்சி ஆணையர், விதி மீறிக் கடை போட்டதாகச் சொல்லித் தள்ளுவண்டிகளைக் கவிழ்த்தார், பழங்களைத் தூக்கி எறிந்தார். வீடியோ மாநிலம் முழுக்கப் பரவியது. கடும் எதிர்ப்பு எழுந்த பின் அவர் வியாபாரிகளைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். தள்ளுவண்டி வாழைப்பழம் கடன் சரக்கு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். காலையில் மண்டியில் எடுத்ததை மாலைக்குள் விற்றுத்தான் மண்டிக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டும். தரையில் கொட்டிய பழத்துக்கும் அவர் காசு கொடுத்தாக வேண்டும். அடுத்த மாதம் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கைது செய்யப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் சித்திரவதையில் உயிரிழந்தார்கள். கடை நேரம் என்ற நிர்வாக விதி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை அதற்குப் பிறகு ஒவ்வொரு சிறு கடைக்காரரும் உணர்ந்திருந்தார்.

நேர விதியே சிறு கடைக்குப் பாதகமாகத்தான் அமைந்தது. 2020 ஏப்ரல் 5 முதல் காலை 6 மணியிலிருந்து பகல் 1 மணி வரை மட்டுமே அத்தியாவசியக் கடைகள் திறக்கலாம் என்றார்கள். கூட்டத்தைக் குறைக்கத்தான் அந்த விதி. நாள் முழுக்கப் பரவி வர வேண்டியவர்கள் ஏழு மணி நேரத்துக்குள் வந்து நெருக்கினார்கள். ஓராண்டு கழித்து அனுபவம் கொஞ்சம் கற்றுக்கொடுத்தது. 2021 மே 24 முதல் தளர்வில்லா முடக்கம் வந்தபோது காய்கறியை உள்ளாட்சிகள் வண்டியில் தெருத்தெருவாக அனுப்பின. மே 31 முதல் உள்ளூர் மளிகைக் கடைக்காரர்களே தொலைபேசியில் ஆர்டர் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி கிடைத்தது. எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று நோட்டு வைத்திருப்பவருக்குத் தெரியும். இந்த ஏற்பாடு 2020 மார்ச்சிலேயே வந்திருக்கலாம்.

வாணியம்பாடி, ஆம்பூர் ஜவுளிக் கடைகளுக்கு நேர்ந்ததை வெளியூர்க்காரர்கள் அதிகம் கவனிக்கவில்லை. ரம்ஜான் மாதம்தான் அங்கே ஆண்டின் வியாபாரம். துணி, தையல், வளையல், அத்தர், செருப்பு எல்லாவற்றுக்கும் சரக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கடனில் இறங்கிவிடும். 2020இல் பெருநாள் மே 25, 2021இல் மே 14. இரண்டும் முடக்கத்துக்குள் விழுந்தன. அடுத்தடுத்து இரண்டு சீசன் போனால் தையல் மிஷின் போட்டு நாலு பேருக்கு வேலை கொடுத்தவர் மூன்றாம் ஆண்டில் கூலிக்குத் தைப்பவராக ஆகிவிடுவார். 2020 நோன்பு நாட்களில் பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால் நோன்புக் கஞ்சிக்கான அரசு அரிசி வீடுகளுக்கே போனது. கஞ்சி வாங்க வந்து பழகிய பிற மத ஏழைகளுக்கு அந்த ஆண்டு அண்டாவும் இல்லை, வரிசையும் இல்லை.

உதவ முன்வந்தவர்களுக்கும் தடை வந்தது. 2020 ஏப்ரல் 12 அன்று தமிழக அரசு, கட்சிகளும் தன்னார்வ அமைப்புகளும் உணவோ பொருளோ நேரடியாக வழங்கக் கூடாது, அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. தி.மு.க. வழக்குத் தொடுத்தபின் சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. தொற்றுப் பயம் நியாயமானது. ஆனால் அண்டை மாநிலத்தில் வேறு வழி இருந்தது. கேரளத்தில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களும் சேர்ந்து மார்ச் கடைசியிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகச் சமையலறைகளைத் தொடங்கினார்கள். சமைத்த கைகள் அந்தந்தப் பஞ்சாயத்தைச் சேர்ந்தவை. நம் ஊரில் மூடிக்கிடந்த இட்லிக் கடைகளும் மெஸ்களும் அடுப்பும் பாத்திரமும் கைப்பக்குவமும் வைத்திருந்தன. தனிமைப்படுத்தப்பட்ட தெருக்களுக்குச் சாப்பாடு தேவைப்பட்டது. நகராட்சி இந்தக் கடைகளிடம் பொட்டலம் இவ்வளவு என்று விலைக்கு வாங்கி அந்தத் தெருக்களுக்கு அனுப்பியிருந்தால், பசியும் தீர்ந்திருக்கும், கடையும் பிழைத்திருக்கும்.

விற்பனையை உள்ளூருக்குள் திருப்பிவிடுவதில் தென் கொரியா துணிந்து ஒரு காரியம் செய்தது. 2020 மே மாதம் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பத்து லட்சம் வான் வரை நிவாரணம் கொடுத்தது. அந்தப் பணத்தைச் சொந்த வட்டாரத்துக்குள், ஆகஸ்ட் 31க்குள் செலவழிக்க வேண்டும். பெரிய மார்ட்டுகளிலும் ஆன்லைன் கடைகளிலும் செல்லாது. அந்நாட்டின் வளர்ச்சி ஆய்வு நிறுவனமான கே.டி.ஐ. ஆராய்ந்தபோது, கொடுத்த தொகையில் 26 முதல் 36 விழுக்காடு கூடுதல் விற்பனையாக மாறியது தெரிந்தது. உணவகம் போல நேருக்கு நேர் சேவை தரும் தொழில்களில் பயன் குறைவாகவே இருந்தது. நோய் பயம் இருக்கும்வரை கூப்பனால் மட்டும் கூட்டத்தைக் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தாலும் ஆபத்து. பிரிட்டன் அதைப் பட்டு அறிந்தது. 2020 ஆகஸ்டில் உணவகங்களில் போய்ச் சாப்பிடுகிறவர்களுக்குப் பாதி விலையை அரசே கொடுத்த திட்டம் தொற்றுப் பரவலைக் கூட்டியதாக வாரிக் பல்கலைக்கழகத்தின் தீமோ ஃபெட்ஸர் காட்டினார். ஆகையால் சிறு கடைக்கு உதவி என்பது பண்டத்துக்கு ஒரு விதம், உட்கார்ந்து சாப்பிடும் கடைக்கு வேறு விதம்.

நம்மிடம் கொரியாவின் ஏற்பாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு ரேஷன் கடையிலும் விற்பனை முனையக் கருவி இருக்கிறது, எந்தக் குடும்பம் எந்தத் தெரு என்ற பதிவும் இருக்கிறது. ரொக்க நிவாரணத்தில் ஒரு பகுதியை, நகராட்சியில் பதிந்த உள்ளூர்ச் சிறு கடைகளில் மட்டும் செல்லும் கூப்பனாகவும், பழைய பாக்கியைத் தீர்க்கவும் செல்லுபடியாகும்படியும் கொடுத்தால் நோட்டு உயிர்பெறும். முழுத் தொகையையும் அப்படிக் கொடுக்கக் கூடாது. மருந்துக்கும் வாடகைக்கும் ரொக்கம் வேண்டும். கூப்பனைக் கடைக்காரர் வங்கியில் மாற்ற வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால் அதை அவரே பாதி விலைக்குத் தரகரிடம் விற்கும் நிலை வரும். ஆகவே மூன்று நாளுக்குள் பணம் என்ற உறுதி திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கிராமப்புறத்துக்கு நூறு நாள் வேலை இருந்தது. 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அதன் கூலி 256 ரூபாயாக உயர்ந்தது. நாட்றம்பள்ளி, கந்திலி பக்கத்துக் கிராமங்களின் பெட்டிக் கடைகளுக்கு அந்தக் கூலி நாள்தான் புதிய சம்பள நாளாயிற்று. நகராட்சி எல்லைக்குள் வாழும் ஜோலார்பேட்டைக்காரருக்கு அது இல்லை. சி. ரங்கராஜன் தலைமையில் தமிழக அரசு அமைத்த குழு 2020 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில் நகர்ப்புறத்துக்கும் அத்தகைய வேலைத் திட்டம் வேண்டும் என்றது. பின்னர் அது சிறிய அளவில் தொடங்கவும்பட்டது. ஜோலார்பேட்டை அளவிலான நகராட்சிகளுக்கு அது முழுமையாக வர வேண்டும். அதோடு, ரயிலில் விற்பவர்களை, தெரு வியாபாரிகளைப் பதியும் நகர விற்பனைக் குழுவின் பட்டியலில் சேர்க்க 2014 சட்டத்தின் முதல் பிரிவில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். திருத்தம் செய்ய வேண்டியது நாடாளுமன்றம். கேட்க வேண்டியவர்கள் இந்த வழியாகப் போகும் வண்டிகளில் அவர்களிடம் கொய்யாவும் சுண்டலும் வாங்கித் தின்ற நாம் அனைவரும்.